எங்கே வைத்துப் பட்டது

பொரித்தாளாம். எண்ணெய் தெறித்ததாம். வலது முழங்கைக்குக் கீழே கொப்புளமாம். எங்கே வைத்துப் பொரித்தாள் என்று டாக்டர் எழுதவில்லையாம், அதனால் நான் அடுப்படி என்று போட்டது தப்பாம். மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குள் ஆதாரத்தோடு ரிபட்டல், அதாவது மறுப்பு, எழுதாவிட்டால் தப்பு தப்பாகவே நின்றுவிடும். தொண்ணூற்றைந்து புள்ளி ஒன்றில் இருக்கிற என் மதிப்பெண் தொண்ணூற்று நாலு புள்ளி ஏழுக்கு இறங்கும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை கிடையாது, திங்கட்கிழமையே திருச்சி ஆபீஸுக்குப் போய் உட்கார வேண்டும். துறையூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்பி வர இன்னொரு ஒன்றே முக்கால், நடுவில் ஒன்பது மணி நேரம் வேலை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து துணி கிளிப்பையெல்லாம் ஒன்றோடொன்று கவ்வ வைத்து ரயில் விட்டுக்கொண்டிருக்கிற இந்த மூன்றரை வயதுக் கழுதையை அதுவரைக்கும் யார் பார்ப்பார்கள். பால் வண்டி ஓட்டுகிற இவள் அப்பாவா. அவர் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கூடக் கழற்றாமல் தூங்குகிற மனுஷன். ஆனால் கிறிஸ்டோபர் சாருக்கு இதெல்லாம் என்ன. அவர் எங்கள் வேலையைச் சரிபார்க்கிறவர். 'இடம் குறிப்பிடப்படவில்லை, ஊகம்' என்று மூன்றே வார்த்தை எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஊகமாம். எண்ணெயை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை பின்னே எங்கே நிற்பாள், பேங்கிலா.

இந்த வேலையை என் மாமியார் வீட்டில் யாருக்கும் நான் புரிய வைத்ததில்லை. அமெரிக்காவில் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரும் நர்சும் எழுதுகிற காகிதமெல்லாம் இங்கே வருகிறது, நாங்கள் படித்துப் படித்து எண்ணாக மாற்றுகிறோம், அந்த எண்ணைப் பார்த்து அங்கே இன்சூரன்ஸ்காரன் முடிவு பண்ணுகிறான். காய்ச்சலுக்கு ஒரு எண், முறிவுக்கு ஒரு எண், இடது கை என்றால் வேறு, வலது கை என்றால் வேறு. அதோடு விட்டார்களா. அடிபட்டவர் எங்கே வைத்து அடிபட்டார் என்பதற்கும் எண். ஒய் என்ற எழுத்தில் ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகப் போகும். தனி வீட்டின் அடுப்படி, தனி வீட்டின் குளியலறை, தனி வீட்டின் படுக்கையறை, அதே மாதிரி அடுக்குமாடிக்கு ஒரு வரிசை, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வைக்கிற வீட்டுக்கு ஒரு வரிசை, அந்த லாரி வீட்டுக்கு நீச்சல் குளம் இருந்தால் அதற்கும் ஓர் எண். கோழிக்கூண்டுக்கு இருக்கிறது. பாட்டாகவே நாடகம் போடுகிற மண்டபத்துக்கு இருக்கிறது. பயிற்சியில் கோழிக்கூண்டைப் படித்தபோது நான் சிரித்த சிரிப்பில் சொல்லிக்கொடுத்த மேடம் என்னை எழுந்து நிற்க வைத்துவிட்டார். எங்கள் சித்தப்பா முட்டை எடுக்கக் கூண்டுக்குள் தலையை விட்டுக் கழுத்து மாட்டிக்கொண்டது எனக்குத்தானே தெரியும். அவருக்கு இந்தப் புத்தகத்தில் இடம் உண்டு. களத்துமேட்டில் வழுக்கியவருக்கும், ரேஷன் கடை வரிசையில் முட்டி பெயர்ந்தவருக்கும் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் கிடையாது. அதை விடு, என் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மாடியில் ஒரே அறை. இந்த மூலையில் அடுப்பு, அந்த மூலையில் கட்டில், நடுவில் கம்ப்யூட்டர். கட்டிலில் இருந்து உருண்டால் கேஸ் சிலிண்டர் மேலேதான் விழ வேண்டும். இங்கே ஒருத்தர் கீழே விழுந்தால் அது அடுப்படியா படுக்கையறையா என்று கிறிஸ்டோபர் சார் வந்து சொல்லட்டும். தெரியாவிட்டால் 'தெரியாத இடம்' என்று போட்டுத் தொலைக்கலாமே என்றால் அதுவும் கூடாதாம். காகிதத்தில் இடம் எழுதவில்லையென்றால் எதையும் போடாமல் சும்மா விட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி. சும்மா விடுவது எவ்வளவு கஷ்டம் என்று விதி எழுதினவனுக்குத் தெரியாது போல. வெறும் கட்டம் ஒன்று கண்ணெதிரே இருந்தால் கை தன்னாலே போய் நிரப்புகிறது.

ஒரு முறை நானே அந்தக் கட்டத்துக்கு எதிரில் நின்றிருக்கிறேன். வேண்டாம், இப்போது அது வேண்டாம், மணி பதினொன்று இருபது, நாற்பத்தொரு பக்கம் இருக்கிறது இந்தக் கேஸ், மூன்றாவது பக்கத்தில்தான் இருக்கிறேன். முப்பத்துநாலு வயதுப் பெண், ஒவ்வாமை எதுவும் இல்லை, புகைப்பதில்லை, மதுவை எப்போதாவது. என்ன செய்வது, வேண்டாம் என்றால் அதுதான் முன்னே வந்து நிற்கும். மேசைக்கு அடியில் இருக்கிற இதே கனிக்கு அப்போது இரண்டு வயது. நான் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலம், திருச்சியிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் காப்பகம். மத்தியானம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் தாடையில் கிழிசல், வாயிலிருந்து கழுத்து வரைக்கும் ரத்தம், ஆனால் அழுகையை நிறுத்திவிட்டுப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "எங்க வச்சு விழுந்தா?" என்று கேட்டேன். ஓர் ஆயா ஊஞ்சல் என்றாள். இன்னொருத்தி படிக்கட்டு என்றாள். பொறுப்பாக இருந்த அம்மா, "பாத்ரூம் பக்கம் ஈரமாத்தான் இருந்துச்சு மேடம், அதுக்காக அங்கதான் விழுந்தான்னு சொல்ல முடியாது பாருங்க" என்றார். மூன்று பேர், மூன்று இடம். தையல் போட்ட டாக்டர் தலையைத் தூக்காமல், "எங்க வச்சும்மா விழுந்தா பாப்பா?" என்றார். ஒரு நாளைக்கு எழுபது பேர் எங்கே விழுந்தார்கள் என்று உலகத்துக்குச் சொல்லுகிறவள் நான். "தெரியல டாக்டர்" என்றேன். அவர் எதையும் எழுதாமல் கட்டத்தைச் சும்மா விட்டார். விதிப்படி அவர் செய்தது சரி. ராத்திரி கனியிடம் கேட்டேன், எங்கடா தங்கம் விழுந்த. 'அங்க' என்று சுவரைக் காட்டினாள். ஒரு மாதம் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுவர். அதற்கப்புறம்தான் வீட்டிலிருந்து வேலைக்கு எழுதிப் போட்டு, எட்டு மாதம் தொண்ணூற்றைந்துக்கு மேலேயே நின்று, அனுமதி வாங்கித் துறையூர் வந்து சேர்ந்தது. இப்போது இந்தப் பிள்ளை எங்கே எங்கே முட்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் இருக்கிற புடைப்பு இதோ இந்த மேசையின் வலது கால். முழங்கைச் சிராய்ப்பு மாடிப்படியில் கீழிருந்து நான்காவது. கேட்டால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

ஏழாம் பக்கம், ரத்தக் கொதிப்பு. எட்டாம் பக்கம், மருந்து. ஒன்பதாம் பக்கம், இந்தா. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதல் ஆள் எழுதின குறிப்பு: வீட்டில் சமைக்கும்போது சூடான எண்ணெய் பட்டது. வீட்டில். சமைக்கும்போது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போல, கனி மேசைக்கு அடியிலிருந்து, "ஏன்ம்மா" என்றாள். "உனக்கு ஒரு ஸ்டேஷன் கெடச்சிருச்சு, ரயில விடு" என்றேன். அதே நேரம் ஹேமலதா மேடத்தின் போன். எங்கள் அணிக்கு அவர்தான் தலைமை. நல்ல மனுஷி, கவலை வந்தால் மட்டும் நம் உயிரை எடுப்பார். "அன்பு, ரிபட்டல் போட்டியா இல்லியா?" "இப்பதான் மேடம் ஆதாரம் கெடச்சுது. ஒம்பதாம் பக்கம், வீட்ல சமைக்கும்போதுன்னு இருக்கு." "போதும்ப்பா. வீடு பிளஸ் சமையல், அடுப்படி. கிறிஸ்டோபர் ஒத்துக்குவாரு. அவரு பத்துப் பக்கத்துக்கு மேல படிச்சதா சரித்திரமே இல்ல." "அப்ப போட்டுறவா?" "போடு. இரு இரு, அடுப்படின்னே இன்னொரு எடத்துல இருந்துச்சுன்னா கெட்டியாயிரும். நேரம் இருக்குல்ல, தேடிப் பாரு. இந்த அன்புக்கரசிய ஆபீஸ்ல பாத்து எத்தன நாளாச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க, ஆனா வந்துறாத." போனை வைத்துவிட்டேன். மறுப்பை எழுதியும் முடித்துவிட்டேன், அனுப்பு என்கிற பொத்தான் நீலமாக நிற்கிறது, மணி பதினொன்று முப்பத்திரண்டு. அழுத்தியிருக்கலாம். கெட்டியாக வேண்டும் என்று ஆசை. எனக்கு எப்போதும் இதுதான் வியாதி, ஒரு முடிச்சுப் போட்டால் போதாது, மேலே இன்னொன்று போட்டு அதை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடிப்பேன். பன்னிரண்டு, பதினைந்து, இருபது. புண்ணைக் கழுவினார்கள், களிம்பு தடவினார்கள், கட்டுப் போட்டார்கள். வலி பத்துக்கு ஏழு. அவர்கள் ஊரில் வலிக்கும் மார்க் உண்டு. வலி பத்துக்கு ஐந்து. வலி பத்துக்கு மூன்று. தேறிக்கொண்டு வருகிறாள் நம்ம ஆள். இருபத்தெட்டு, சாப்பிட்டாள். முப்பத்துமூன்று.

முப்பத்துமூன்றில் ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறாள் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மற்றவர்கள் மாதிரி வெட்டி வெட்டி எழுதாமல் முழு வாக்கியமாக இருக்கிறது. பண்டிகைக்காக முழு வான்கோழியை எண்ணெயில் இறக்கும்போது எண்ணெய் பொங்கியது, சம்பவம் நோயாளியின் வீட்டு டிரைவ்வேயில் நடந்தது, அடுத்த முறை ஆள் துணையோடு செய்யும்படி அறிவுறுத்தப்பட்டது. டிரைவ்வே. வீட்டு வாசலிலிருந்து தெரு வரைக்கும் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டு வைத்திருப்பார்களே அது. பயிற்சியில் படம் காட்டித்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வீடு என்றால் சுவரும் கூரையும்தான். அடிப்பாவி, உனக்கு அத்தனை பெரிய அடுப்படி இருக்குமே, மேடை இருக்கும், புகைபோக்கி இருக்கும், திறந்தால் வெளிச்சம் வருகிற அடுப்பு இருக்கும், அதையெல்லாம் விட்டுவிட்டுக் கார் நிறுத்துகிற இடத்திலா கோழியைப் பொரிப்பாய். என்று திட்டிக்கொண்டு வரும்போதே பாதியில் நாக்கு நின்றுவிட்டது. எங்கள் அம்மா அதிரசம் எங்கே சுட்டார். வீட்டுக்குள் புகை சுற்றும், கூரைக்கு ஆகாது என்று வெளியே மூன்று கல்லைக் கூட்டி, பெரிய இருப்புச் சட்டியை ஏற்றி, நாங்கள் யாரும் கிட்டே வராதபடி தென்னை மட்டையால் கோடு போட்டுவிட்டுத்தானே சுட்டார். கல்யாண வீட்டில் வடை எங்கே பொரிந்தது, தெருவில். எண்ணெய் என்றால் வெளியே என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான்தான். இத்தனை தெரிந்தவள், அமெரிக்காக்காரி என்றதும் அவளை நேராகக் கொண்டுபோய்ப் பளபளவென்று இருக்கிற அடுப்படியில் நிறுத்திவிட்டேன். கிறிஸ்டோபர் சார் சொன்னது இதைத்தான், ஊகம். ஆனால் அவரும் இடம் குறிப்பிடப்படவில்லை என்று எழுதியிருக்கிறார், முப்பத்துமூன்றில் எழுதித்தான் இருக்கிறது. நான் போட்டதும் தப்பு, அவர் போட்டதும் தப்பு. நடுவில் பொத்தான் நீலமாக நிற்கிறது, ஒன்பதாம் பக்கம் என்று.

பதினொன்று நாற்பத்தொன்று. யோசிக்க ஒன்றும் இல்லை, அழுத்து. வான்கோழி வெந்துவிட்டது, கொப்புளம் ஆறிவிட்டது, நவம்பர் மாதம் நடந்த சங்கதி. அடுப்படி என்று போனால் யாருக்கு என்ன நஷ்டம், டிரைவ்வே என்று போனால் யாருக்கு என்ன லாபம். ஒன்பதாம் பக்கம் பொய்யா, இல்லை, வீட்டில் சமைத்தாள் என்பது சத்தியம். நான் அதற்கு மேலே படிக்கவில்லை, அவ்வளவுதானே. படித்துவிட்டேனே. முப்பத்துமூன்றை மேலே தள்ளி ஒன்பதுக்குப் போனேன், திரும்பக் கீழே வந்தேன். மேலே போனால் துறையூர், கீழே வந்தால் திருச்சி. மறுபடி காப்பகம், மறுபடி மத்தியானத்து போன், மறுபடி மூன்று பேர் மூன்று இடம். இந்தத் தடவை தாடையோடு போகும் என்று என்ன நிச்சயம். ஒரு வான்கோழிக்காக என் பிள்ளையைக் கொண்டுபோய் யாரிடமோ விடுவதா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு. கனி ரயிலை என் கால்மேல் ஏற்றினாள். ஒரு கிளிப் கெண்டைக்காலைக் கவ்வியது, சுரீர் என்றது, "ஸ்டேஷன்" என்றாள். அப்போதும் நான் அந்த நர்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அவசரம் இருந்திருக்கும், பண்டிகை நாள், அடுத்த கட்டிலில் எவனாவது கத்தியிருப்பான், அவள் பிள்ளையும் யாரிடமாவது இருந்திருக்கும். போகிற ஆளிடம் கட்டுத் துணியைக் கொடுத்து அனுப்பாமல், எங்கே வைத்துப் பட்டது என்று கேட்டிருக்கிறாள். கேட்டதோடு விடாமல் எழுதியிருக்கிறாள். மூன்று பேர் இருந்தும் எனக்கு ஒருத்தி கூட அதைச் செய்யவில்லை. இவள் எழுதினதை நான் படிக்காத மாதிரி போனால் அந்த ஊஞ்சல் ஆயாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், எரிச்சலாக வருகிறது, அந்த நர்ஸ் மேல்தான் முதலில் எரிச்சல். நீ ஏன் கேட்டாய். சும்மா விட்டிருக்கலாமே, விதிப்படி.

எழுதினதை அழித்தேன். என் இங்கிலீஷில் திரும்ப எழுதினேன். பக்கம் முப்பத்துமூன்று. இடம் டிரைவ்வே. அடுப்படி என்று நான் போட்டது தவறு. குறிப்பிடப்படவில்லை என்று நீங்கள் போட்டதும் தவறு. கடைசி வரி கொஞ்சம் வாய்க்கொழுப்பாகத் தெரிந்தது, இருக்கட்டும் என்று விட்டேன், அந்தச் சந்தோஷமாவது வேண்டாமா. அனுப்பினேன். பதினொன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடத்துக்குள் ஏதாவது அதிசயம் நடந்து, இவ்வளவு நேர்மையான பெண்ணா என்று மார்க்கைக் கூட்டிப் போட்டாலும் போடுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியதை ஒளிப்பானேன். நான்காவது நிமிடம் பதில் வந்துவிட்டது. 'பக்கம் 33 சரி. என் குறிப்பையும் திருத்திவிட்டேன். உங்கள் எண் தவறு என்பதால் மதிப்பெண்ணில் மாற்றமில்லை. நன்றி.' மாற்றமில்லைக்கும் நன்றிக்கும் நடுவில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஹேமலதா மேடம் உடனே கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஒன்ன யாரு முப்பத்துமூணாம் பக்கம் வரைக்கும் போகச் சொன்னது?" "நீங்கதான் மேடம்." "திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்துரு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்பாங்க. ஜன்னல் ஓரமா சீட்டு ஒண்ணு பிடிச்சு வைக்கிறேன், அது மட்டுந்தான் என்னால முடியும்." "எந்த ஜன்னல் மேடம்?" "மூணாவது மாடியில, பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்த ஜன்னல். வரிசையில ரெண்டாவது. ஏன், வாஸ்து பாக்கப் போறியா?" இல்லை மேடம் என்று சொல்லி வைத்துவிட்டு, அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

கனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். ரஹ்மத் அக்கா ஜாக்கெட் தைக்கிறவர், எப்போதும் வாயில் இரண்டு ஊசி இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து, காலை ஏழிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும், அவள் அப்பா வந்தால் இடையில் தூக்கிக்கொள்வார், மூன்று மாதம். அக்கா ஊசியை எடுத்துக் குஷனில் குத்திவிட்டு, "ஒம்மவ ஒக்காந்து வெளையாடவா வருவா, எம் மிஷினு பெடல மிதிக்கத்தான வருவா" என்றார். "அதான்க்கா கேக்குறேன். இஸ்திரிப் பொட்டி இருக்கு, கத்திரி இருக்கு." "அதெல்லாம் மேல தூக்கி வச்சுக்கலாம். வேற என்ன?" "விழுந்தா எங்க வச்சு விழுந்தான்னு மட்டும் பாத்து வச்சுக்கங்கக்கா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளய உடுற எல்லா அம்மாவும் விழாம பாத்துக்கங்கன்னு சொல்லும். நீ ஒருத்திதான் விழுந்த எடத்தக் கேக்குற." "விழத்தான்க்கா போறா." "விழுவா. எங்க விழுந்தாலும் எங் கண்ணுக்கு எதுர்லதான் விழுவா, போ." அதோடு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் நிம்மதியாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது, மூன்று மாதத்துக்கு இந்தச் சத்தம் கனிக்குத்தான் கேட்கும். கனி என் தாலிக்கொடியைச் சுழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் போல. திரும்பி வரும்போது வாசற்படியில், "நான் அக்கா வீட்ல. நீ எங்கம்மா இருப்ப?" என்றாள். ஆபீஸ்ல என்று சொல்ல வாயெடுத்தேன். ஆபீஸ் என்றால் அவளுக்கு எந்தச் சுவர். அவளைக் கீழே இறக்கி, அவள் உயரத்துக்கு நானும் குந்தி உட்கார்ந்தேன். "திருச்சியில. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய கட்டடம். அதுல மூணாவது மாடி. அங்க பஸ்ஸெல்லாம் தெரியிற மாதிரி ஒரு ஜன்னல் இருக்கு. அதுக்குப் பக்கத்துல ரெண்டாவது நாற்காலி. அதுலதான் அம்மா இருப்பேன்." அவள் மனசுக்குள் படி ஏறிப் பார்த்தாள் போல. "மொத நாற்காலியில யாரு?" என்றாள். தெரியாது, திங்கட்கிழமை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.